உறைபெட்டியில் கிடந்த முப்பத்தொன்று

தராசு நீட்டிய தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். மூலக்கூறுகளை எடைபோடும் கருவியோடே குடித்தனம் நடத்துகிற மனுஷர்; அதனால் ஆய்வகத்தில் அவருக்குத் தராசு என்றே பேர். பழைய உறைபெட்டியைக் காலிசெய்யுமுன் அதில் கிடக்கும் மருந்துகளை எல்லாம் ஒருமுறை சோதித்துவிடுங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"ஒட்டிக்கிச்சும்மா! உங்க முப்பத்தொண்ணு நொதியைப் புடிச்சிருக்கே, உடும்புப்புடி! மூணு தடவை கழுவிட்டேன், விடல. இனிப்பு எங்க?"

மூன்று வருஷத்துக்கு முன் அவளே வரைந்து, அவளே செய்த முப்பத்தொன்றாவது மருந்து. ஒரு முனையில் கொக்கி. தறிகெட்டு ஓடும் நொதியின் குழிக்குள் புகுந்து, அங்கிருக்கும் கந்தகத்தைக் கவ்வி, நொதியைச் சாகும்வரை முடக்கிப்போட வேண்டிய கொக்கி. அன்றைக்குக் கவ்வவில்லை. 'பயனில்லை' என்று அவளே எழுதி மூடினாள்.

"அப்போ மட்டும் ஏன் புடிக்கல?"

"நொதி கெடாம இருக்க ஒரு நாத்தத் தண்ணி ஊத்துவோமே, அது தீர்ந்துபோச்சு. இந்தத் தடவை ஊத்தல..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று பழைய செய்முறைத் தாளைத் தேடி எடுத்தார்.

அந்த நாற்றமே கந்தகம்தானே, கண்ணுகளா! கொக்கி நொதிவரை போகவேயில்லை; வழியிலேயே அந்தத் தண்ணீரைக் கவ்விப் பசியாறிவிட்டது. கொக்கியில்லாத பழைய மருந்துகளுக்கு எழுதிய செய்முறை. யோசிக்காமல் அதையே பார்த்து அன்றைக்கு ஊற்றியிருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மூன்று வருஷம். அன்றே தெரிந்திருந்தால் இந்நேரம் அந்த மருந்து நோயாளிகளிடம் போயிருக்கும். அவளுடைய அண்ணனிடம் போயிருக்கும். இதே நொதிதான் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது; டாக்டர் சொன்ன கெடு இந்தக் கோடை முடிய.

மதியம் வழக்கம்போல் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"என்ன விஞ்ஞானியம்மா, உன் மருந்து முந்துமா, நான் முந்தவா?"

மற்ற நாளில் திட்டிவிட்டுச் சிரிப்பாள். இன்றைக்கு வாய் தன்பாட்டில் பேசியது. "இன்னிக்கு ஒண்ணு வேலை செஞ்சுதுண்ணா."

மறுமுனையில், மாசக்கணக்கில் அவள் கேட்டிராத சத்தம்: "ஏய், இங்க ஓடியா! என் தங்கச்சி புடிச்சிட்டா!"

"அண்ணா, அவசரப்படாத. ஆளுங்களுக்குக் கொடுக்க இன்னும் வருஷமாகும்..."

"ஆகட்டுமே. எனக்கில்லாட்டி எவனுக்கோ. அது கெடக்கட்டும், எப்படிக் கண்டுபுடிச்ச? எப்போ செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு, உங்க அண்ணியும் கேக்கட்டும்."

ஓடிவந்த செருப்புச் சத்தம் நின்றது. மறுமுனையில் இரண்டு மூச்சு அந்த 'எப்போ'வுக்குப் பதிலுக்காகக் காத்திருந்தன. ஒன்று ஓடிவந்த இரைப்பு; மற்றது படியேறுகிறவனுடையது போல, நின்று நின்று.