போடாத குளிசை

விடிந்ததும் வந்தும் வரிசை மருத்துவ நிலைய வாசலைத் தாண்டியிருந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கு முதலில் இங்கே மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஜெசிதா வாங்குப் பலகையின் நுனியில் கணவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

முன்னால் நின்ற லியோன் திரும்பிப் பார்த்தான். அவனும் குருநகரில் மீன் வியாபாரிதான்.

"என்னடா ஜெயசுதன், லைசன்ஸ் எடுக்கவும் மனிசியோ? மீன் விக்கப் போனாலும் பின்னாலை, இஞ்சையும் பின்னாலை. கலியாணக் களை இன்னும் போகேல்லைப் போலை."

ஜெயசுதன் சிரித்தான். ஜெசிதாவுக்குச் சிரிக்கவும் களைப்பாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு அவள் ஏன் நாள்தோறும் போகிறாள் என்று ஊருக்குத் தெரியாது. வலிப்புக்குக் குளிசை போட்டாலும் சில நாள் வந்துவிடும்; வருமுன் அவனுடைய இடக்கை துடிக்கும். பின்னாலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். துடித்தால் முதுகில் தட்டுவாள். அவன் ஓரமாக நிறுத்திவிடுவான். அவனுடைய தங்கைக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வலிப்பு என்ற சொல் வீட்டைத் தாண்டக் கூடாது என்பது மாமியின் கட்டளை.

முழங்காலில் கிடந்த அவனுடைய கை இப்போது துடித்தது. ஜெசிதா தன் கையால் அதை அழுத்திக்கொண்டாள்.

"குளிசை போட்டனீங்களோ?"

"இல்லை. புதனிலையிருந்து போடேல்லை."

"ஏனப்பா?"

"மூத்திரம் சோதிப்பினமெல்லே. அதிலை தெரிஞ்சுபோடும்."

"அது சீனி இருக்கோ எண்டு பாக்கிறது. உங்கடை குளிசையை ஆர் தேடப்போகினம்?"

புதனிலிருந்து போய்வந்த வீதிகளை அவள் நினைத்துப் பார்த்தாள். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்ட நேரம், மதிலோரமாக வந்த பிள்ளைகளை உரசுவதுபோல் அவர்கள் கடந்து போனார்கள். கையின் துடிப்பு மெல்ல அடங்கியது. சில வேளை அப்படித்தான், அடங்கிவிடும்.

பெயர் கூப்பிட்டார்கள். அவளும் கூடவே உள்ளே போனாள். மருத்துவர் இளம் பெண். கண்ணைச் சோதித்தார், பிரஷர் பார்த்தார்.

"வலிப்பு, மயக்கம் ஏதும் வாறதோ?"

"இல்லை டொக்டர்."

அவர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

"இவர் புதனிலையிருந்து குளிசை போடேல்லை டொக்டர்" என்றாள் ஜெசிதா.

"என்ன குளிசை?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. "வலிப்புக் குளிசை."

முத்திரை திரும்ப மேசைக்குப் போயிற்று.

"இவ பின்னாலையிருந்து கையைப் பாப்பா டொக்டர்" என்று ஜெயசுதன் கெஞ்சினான். "பிழை ஒண்டும் வராது."

"றோட்டிலை எதிரை வாறவைக்கு அது தெரியுமோ? கிளினிக்கிலை காட்டிக் கடிதம் கொண்டுவாங்கோ. அங்கை டொக்டர்மார் விடுமட்டும் மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது."

வெளியே வந்ததும் அவன் சாவியை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டான்.

"இனி என்னத்தைத் தின்னிறது?"

"தெரியேல்லை" என்றாள்.

அவளுக்கும் ஓடத் தெரியாது. அவன் மோட்டார் சைக்கிளை உருட்ட, அவள் பெட்டியைப் பிடித்துத் தள்ளினாள். சந்தியில் ஓட்டோக்காரன் ஒருவன் தலையை நீட்டினான்.

"பெற்றோல் முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம்" என்றான் ஜெயசுதன்.