மூன்றெழுத்துப் பிழை

பேரின்பநாதனுக்குக் கவிதை எழுத வரும் என்பதைவிட, அடுத்தவர் கவிதையைத் திருத்த வரும் என்பதே சரி. முப்பது வருடமாக மொன்றியலில் பாத்திரம் கழுவி, பிறகு சமையற்காரராகியும் அந்தக் கை மட்டும் அடங்கவில்லை.

டவுன்டவுன் உணவகமொன்றில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் வெங்காயம் வெட்டுபவன் நபீல். காஸாவிலிருந்து வந்தவன், அவனும் கவிதைக்காரன். மற்றத் தமிழ்ப் பெடியளைப் பார்த்து அவரை "அண்ணை" என்பான். வேலை முடிந்ததும் அவரிடம் பழகிய "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், சொல்லித்தான் கிளம்புவான்.

தன் அக்காவைப் பற்றிய கவிதையை அவன் வரிவரியாக உடைந்த பிரெஞ்சில் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கவியரங்குக்காக அவர் தமிழாக்கினார். கடைசி வரியில் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பியிடம் போனில் சொல்கிறாள்: "நான் போறன்."

அங்கே பேனா நின்றுவிட்டது. வாசலில் நின்றுகொண்டு யாராவது "போறன்" என்பார்களா? எங்கள் வீடுகளில் என்றால் அபசகுனம் என்று வாயிலே ஒன்று போடுவார்கள். அவர் "போட்டு வாறன்" என்று எழுதினார். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

கோட்-டெ-நெய்ஜ் மண்டபத்தில் அவர் கவிதையை வாசித்தபோது அந்த வரிக்கு அழாதவர்கள் இல்லை. எதற்கு அழுகிறார்கள் என்று நபீல் பக்கத்திலிருந்த பேரின்பநாதனின் மகள் நிருஷாவிடம் கேட்டான். அவள் ஒளிவுமறைவில்லாமல் பிரெஞ்சில் சொன்னாள்: "போய்த் திரும்பி வருவேன் எண்டதுக்கு."

நபீலின் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும் பேரின்பநாதனைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கேட்டான்.

"அக்கா அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை. நாப்பத்தெட்டில எங்கட ஊர் யாஃபாவை விட்டுத் துரத்துப்பட்டு வெளிக்கிடேக்க தாத்தா சொன்னவர், திரும்பி வருவன் எண்டு. அப்பாவும் சொன்னவர். வந்தவையளோ? அக்காவுக்கு அது அலுத்துப்போச்சு. போறன் எண்டுதான் சொன்னவ. மூண்டாம் நாள் குண்டு விழுந்தது. நான் கேட்ட கடைசிச் சொல் அது. அதை ஏன் மாத்தினனீங்கள்?"

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான்..."

"அவ உங்கட ஆளில்லை. என்ர அக்கா."

பேரின்பநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டு ஓடிவந்தவர் அவர், திரும்பிப் போகவேயில்லை. அம்மாவின் செத்தவீட்டைக்கூட வீடியோவில்தான் பார்த்தார். தான் சொன்ன பொய்யைத் தூக்கி ஒரு செத்த பெண்ணின் வாயில் வைத்திருக்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கவியரங்கில் ஆட்களுக்குக் கொடுத்து மிஞ்சிக் கிடந்த கவிதையின் அச்சுப் பிரதிகளை வீட்டில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றிலும் மூன்றெழுத்தை வெட்டினார்: ட், டு, வா. மிச்சம் நின்றது "போறன்". கண்ணீரோடு ஆட்கள் கொண்டுபோன பிரதிகள் போனவைதான். அவற்றில் அந்த அக்கா இனி எப்போதும் திரும்பி வருவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

திங்கட்கிழமை ஒரு பிரதியை நபீலிடம் நீட்டினார். தமிழ் எழுத்தைப் பார்த்து அவனுக்கு என்ன விளங்கும்?

"வாசியுங்கோ, அண்ணை."

"நான் போறன்." வயது அறுபத்தொன்றில் விடைபெறும் வார்த்தையாக அந்தச் சொல்லை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

நபீல் அதை ஒருதரம் முணுமுணுத்துப் பார்த்தான். மன்னித்தானா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. வெங்காயம் வெட்டப் போய்விட்டான்.

நாலு மணிக்கு ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுக் கதவடியில் திரும்பினான்.

"போறன், அண்ணை."

அப்படிச் சொல்லக்கூடாது என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்தமுறை அவர் திருத்தவில்லை.