பதினான்கு, இரண்டு தடவை

கணக்குப் பரீட்சையில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டவள். மூன்றாவது தடவையும் தவறினால் பிரசவ வார்டில் என் எழுத்தர் வேலை நிரந்தரமாகாது. அதனால் மேசை இழுப்பறையில் எப்போதும் பாடப்புத்தகம் இருக்கும். அன்று காலை 'சார்பு', அதாவது ஃபங்ஷன், பாடம். "மதிப்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு." கீழே படம்: இடப்பக்க வட்டத்தில் மதிப்பக உறுப்புகள், அவற்றிலிருந்து வலப்பக்க வட்டத்து நிழல் உருக்களுக்கு அம்புகள். ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதானே! பெரிய வித்தை கற்ற மிதப்பில் புத்தகத்தை மூடினேன்.

பிறகு தினப்பட்டியலைப் பிரதி எடுத்தேன். இடப்பக்கம் குழந்தையின் எண், வலப்பக்கம் தாயின் படுக்கை எண். ஏழுக்கு நேரே பதினான்கு. எட்டுக்கு நேரேயும் பதினான்கு. யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு படுக்கைக்கு இரண்டு பேர் எப்படி வரலாம்? எட்டைப் பதினைந்துக்கு மாற்றினேன். அதிகப்பிரசங்கித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை.

பணி மாறி வந்த நர்ஸ் பட்டியலைப் பார்த்துக் குழந்தைகளைத் தாய்மாரிடம் கொடுக்கத் தொடங்கினாள். எட்டை வாங்கப் பதினைந்தாம் படுக்கைப் பெண் கையை நீட்டவில்லை. தன் நிறைவயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கு இன்னும் வலியே எடுக்கலையே சிஸ்டர், அதுக்குள்ளயா?" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பதினான்காம் படுக்கைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் மயக்கம் தெளிந்திருந்தது. மடியில் ஒரு குழந்தை.

"ரெண்டுன்னு சொன்னாங்களே... இன்னொண்ணு எங்க?"

நர்ஸ் பட்டியலைப் பார்த்தாள். "உங்க நம்பருக்கு ஒண்ணுதாம்மா போட்டிருக்கு."

"அப்ப அது போயிடுச்சா?"

அலறவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். ஓடிப்போய் எட்டாம் குழந்தையின் காலில் தாயின் எண் எழுதிக் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பதினான்கு.

அந்த இடத்திலேயே பாடம் புரிந்தது. புத்தகப் படத்தின் அம்பு குழந்தையிடமிருந்து கிளம்புகிறது. எந்தக் குழந்தையிடமிருந்தும் ஒன்றே ஒன்று. இல்லாமலும் போகாது, இரண்டாகவும் பிரியாது. ஆனால் ஒரு தாயிடம் இரண்டு அம்புகள் வந்து சேரலாம், பத்தும் சேரலாம். பதினைந்தாம் படுக்கையைப் போல ஒன்றுமே வராமலும் இருக்கலாம். அதனாலெல்லாம் சார்பு கெடாது. என் புத்திசாலித்தனத்தால் இந்தக் குழந்தைக்குக் காலில் ஒரு தாய், காகிதத்தில் ஒரு தாய், அதுதான் கெட்டது. அந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்! எனக்கு உடம்பு புல்லரித்தது, கண்ணும் நிறைந்தது.

குழந்தையை அவளுடைய இன்னொரு கையில் வைத்தேன். "நான்தாம்மா மாத்தி எழுதிட்டேன். ரெண்டு பிள்ளைக்கு ஒரே நம்பர் வராதுன்னு நெனச்சேன்."

திட்டட்டும் என்று நின்றேன். அவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கண்ணு முன்னாடி எழுதுங்க" என்றாள்.

எட்டுக்கு நேரே பதினான்கு என்று எழுதினேன். நான் தாளிலிருந்து பேனாவை எடுக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.