இன்னொரு டோக்கன்

தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த, எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் ஒல்லிப் பெண்ணுக்கு இடப்பக்க வயிறு கனக்கத் தொடங்கியது. கழிப்பறைக்குப் போக ஆளுக்கு இரண்டு பித்தளை டோக்கன், காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. காலை டோக்கனை அவள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

"சார், அவசரம்."

"இப்பத்தானே போயிட்டு வந்தே? நெனச்சப்பல்லாம் எழுந்து போக இதென்ன உங்கப்பன் வீடா?" என்றார் சூப்பர்வைசர்.

குடல் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்த நாளிலிருந்து அவளுக்கு மலம் இறங்குவது வயிற்றில் போட்ட துளை வழியாகத்தான். அங்கே ஒட்டியிருக்கும் பை நிரம்பினால் காலி செய்தே தீரவேண்டும். தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. பை நிரம்பாமலிருக்க மதியச் சாப்பாட்டில் பாதியை அப்படியே மூடிவிடுவாள்.

"ஏற்கெனவே குண்டூசி. இன்னும் எளைச்சு நூலாப் போகப்போறியா?" என்று கட்டிங் மாஸ்டர் கேலி செய்வான். அந்தக் கேலியைக் கேட்கவே ஆறு மாதமாக அவள் வேலைக்கு வருகிறாள்.

அவன் கூப்பிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக்குப் போனாள். அவன் இடுப்பில் கை வைத்ததும் சுட்டதுபோல விலகிக்கொண்டாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"புடிக்கலைன்னா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்," என்று கதவைத் திறக்கப் போனான்.

சொல்லாவிட்டால் இவன் கைநழுவிப் போய்விடுவான். சொன்னாலும் போய்விடலாம். தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சட்டையைச் சற்றே உயர்த்தினாள். பைக்கு நீலத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள்.

அவன் மண்டியிட்டு உற்றுப் பார்த்தான். "இது நான் வெட்டுன துணியாச்சே?"

"குப்பைக்கூடையில கெடந்துச்சு."

"உறையை நீ கோணலா வெட்டியிருக்கே. அளவு குடு, நான் வெட்டித் தர்றேன்."

அந்த நேரம் பார்த்துப் பை களுக்கென்று சத்தம் போட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"இவரும் சரிங்கிறாரு," என்றான் அவன்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஓராண்டாகத் தன் வயிற்றை அவளே அருவருப்பில்லாமல் பார்த்ததில்லை. இன்று ஒருவன் பார்த்துவிட்டு எழுந்து ஓடாமல் இருக்கிறான்.

"கட்டிப் புடிச்சா வலிக்குமா?"

"வலிக்காது. இந்தப் பக்கமா வா, மாஸ்டர்."

பிறகு அவன் தோளில் அவள் தலை வைத்துப் படுத்திருந்தபோது அவன் கேட்டான். "அதனாலதான் பாதிச் சாப்பாட்டை மூடிடுறியா?"

"முழுசா சாப்பிட்டா ரெண்டு டோக்கன் எப்படிப் பத்தும்?"

அவன் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவளைக் கடந்து போகும்போது, "மிச்சம் வெக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் டப்பாவைக் காலி செய்தாள். மதியம் அவளது டோக்கன் தீர்ந்து, மறுபடி வயிறு கனத்த நேரத்தில், மெஷின் விளிம்பில் ஒரு பித்தளை டோக்கன் இருந்தது. யோசிக்க நேரமில்லை. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது கட்டிங் மேசையில் மாஸ்டர் காலோடு காலைப் பின்னியபடி துணி வெட்டிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன மாஸ்டர், நெளியுறே?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல சார்."

அவன் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான். சங்கு ஊத இன்னும் வெகுநேரம் இருந்தது.