பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி

பல் டாக்டரிடம் சிவப்பு வண்டி. அவர் மனைவியின் தம்பியிடம் நீல வண்டி. இரண்டும் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள், இரண்டிலும் இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரத்தை. ஒரே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், உறையைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்காகத் தூங்கின. ஓடாத வண்டிகளில் எது வேகம் என்று சண்டை போட, இந்த மாமனையும் மச்சானையும் விட்டால் ஆள் கிடையாது, செல்லங்களே.

“முன்சக்கரம் இழுத்தா அது மாட்டு வண்டி. பின்னாலேர்ந்து தள்ளணும், அதுதான் ராஜநடை!” என்று வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியிடமும் சொல்வார் டாக்டர். மறுத்துப் பேச முடியாத ரசிகர்கள்!

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்யாணமான நாள் முதல் “என் தம்பி, என் தம்பி” என்று உருகுகிற மனைவி, ஒரு தடவையாவது “உங்களோடதுதான் ஒசத்தி” என்று சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளையே நடுவராக்கினார்கள். போகும்போது சிவப்பில், வரும்போது நீலத்தில்.

“மெஷின்ல துணி கிடக்கு, சீக்கிரம் முடிங்க” என்று ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு வண்டியும் உறுமிய உறுமலில் மாடியில் தூங்கிய குழந்தைகளெல்லாம் வீறிட்டன. பக்கம்பக்கமாக வாசலுக்கு வந்தார்கள். அங்கே குறுக்கே கிடந்தது வேகத்தடை. போன மாதம், குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற ஹோதாவில், “பசங்க பைக்ல பறக்குறானுங்க, நல்லா ஒசரமாப் போடுப்பா” என்று இன்னும் ஒரு சட்டி சிமென்ட் கொட்ட வைத்தவர் சாட்சாத் நம் டாக்டர்தான். சொந்தக் காசில் சூனியம்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. அடிவயிறு தடையில் அமர்ந்தது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் ராஜநடை போட்டன. பக்கத்தில் நீலத்துக்கும் அதே கதி.

“மாமா, ஏன் நின்னுட்டீங்க?”

“நீ ஏன் நின்னியோ அதுக்குத்தான், மாப்ளே!”

மனைவி இறங்கினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்க உக்காந்தே இருங்க. பின்னாலேர்ந்து தள்ளினாத்தானே ராஜநடை?”

அவளும் வாட்ச்மேனும் பல்லைக் கடித்துச் சிவப்பைத் தள்ளினார்கள். அது முனகிக்கொண்டே இறங்கியது. பிறகு நீலத்தையும் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஆசை யாரை விட்டது? “இப்பச் சொல்லு. எது ஒசத்தி?”

அவள் கையைத் துடைத்தபடி, நடுவருக்கு உரிய நிதானத்தோடு யோசித்தாள்.

“பொய் சொல்ல மனசு வரலைங்க. தள்றதுக்கு என் தம்பி வண்டிதான் லேசு.”

“ஆமாங்க சார்” என்றார் வாட்ச்மேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.