ரெகுலா எங்கே தூங்குகிறாள்?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மலையேற வருகிறவர்கள் படிக்க ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். "எமில், நீதான் பேனா பிடிக்கிறவன். ஊரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடு" என்றார்கள். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன்.

'ஹின்டர்ஃப்ளூ ஊராட்சியில் பாதி காடு. மிச்சத்தில் பாதி பாறை. கிழக்கு எல்லை ஓடையின் நடுக்கோடு. வசிப்போர் அறுபத்தொரு...'

[நிறுத்திவிட்டேன். அறுபத்தொன்றா அறுபதா என்பது ரெகுலா கையில் இருக்கிறது. அவளோ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.]

2

வேறு தொடக்கம்: 'பனி உருகும் ஓர் இளங்காலையில் ரெகுலா தன் பசுக்களை...'

சீச்சீ. நேராகவே சொல்கிறேன். எங்கள் சட்டப்படி, ஊர்க்கூட்டம் கைதூக்கி ஒருவரைத் தலைவராக்கிவிட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தப்பிக்க ஒரே வழி, குடிபெயர்வது. அதனால் காய்ச்சலோடு கூடக் கூட்டத்துக்கு வந்துவிடுவோம். வராதவர் தலையில்தான் கட்டுவார்கள்.

அன்று ரெகுலாவின் பசு கன்று போட்டது. அவள் வரவில்லை. எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்தான்.*

* புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாடு, வைக்கோல், சீஸ் காய்ச்சுவது எல்லாம் அவள் ஒண்டியாகத்தான். இது எங்கள் அறுபது பேருக்கும் தெரியும்.

3

மறுநாள் பால் வாளியோடு என் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா கை தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்க..."

"அந்த எல்லாரும் வந்து என் மாட்டுக்குப் புல்லு போடுவாங்களா?"

"வேற ஆள் இல்ல ரெகுலா. தலைவர் இல்லன்னா நம்மள பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க."

"சேக்கட்டும், எனக்கென்ன? ஓடைக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி வீட்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு. ராத்திரி அங்க தூங்கிட்டு, காலைல வந்து பால் கறந்துக்கறேன். போயி பலகைல எழுது!"

(அதுதான் கொடுமை. அரசாங்கம் ஒருவர் எங்கே தூங்குகிறார் என்றுதான் கணக்கெடுக்கிறது. எங்கே மாரடிக்கிறார் என்று கேட்பதில்லை.)

4

முடிவு அ: ரெகுலா மனம் மாறிப் பதவி ஏற்கிறாள். ஊர் பிழைக்கிறது. [அவளைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடித்தாயிற்று.]

முடிவு ஆ: அவள் போகிறாள். வரைபடத்தில் ஒரு கோடு அழிகிறது. மலைகள் மௌனமாக... [எனக்கே கொட்டாவி வருகிறது.]

முடிவு இ: எமில் தானே தலைவராக முன்வரு... [கதை என்றாலும் ஒரு நியாயம் வேண்டாமா?]

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியே பார்க்கிறேன்: ரெகுலா ஒரு மெத்தையைத் தரதரவென்று பாலத்தை நோக்கி இழுத்துப் போகிறாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"வேடிக்கை பாக்காத. அந்த முனையப் புடி."

தடுக்கத்தான் போனேன். பிடித்துவிட்டேன். என்ன ஜென்மமோ நான்!

பாலத்தின் நடுவில் அவள் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஒண்ணு கேக்கறேன் எமில். தலைவர் வேணும், தலைவர் வேணும்னு ஊரே வந்து என் வாசல்ல நின்னீங்க. ரெகுலா வேணும்னு ஒருத்தராவது சொன்னீங்களாய்யா?"

கதையை இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். எல்லைக்கோடு எங்கள் இருவருக்கும் நடுவில். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எழுதி எழுதி அடிக்கிறேனே தவிர, பாழாய்ப்போன வாய்க்கு வர மாட்டேன் என்கிறது.

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு நிற்கிறீர்களே, நீங்களாவது சொல்லித் தொலையுங்கள். சீக்கிரம். எனக்குக் கை வலிக்கிறது. அவளுக்கும் வலிக்கும்.