சாவு வூட்டுச் சிரிப்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுகிறவள் சந்தியாதான். ஜவுளிக்கடை பேனரில் பட்டுப்புடவையும் பல்லுமாக நிற்பாள். அந்தச் சிரிப்புதான் அவளைச் சினிமா வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. இப்போது கழுத்தை அறுப்பதும் அதே சிரிப்புதான்.

கச்சிராயபாளையத்தில் ஷூட்டிங். அப்பா செத்துக் கிடக்கிறார், மகள் கதற வேண்டும். அட, இவ்வளவுதானே என்கிறீர்களா? கேமராவைக் கண்டதும் அந்தப் பாழாய்ப்போன முகம் தானாக இடதுபக்கம் திரும்பிச் சிரித்தது. கை முந்தானையை விரித்துக் காட்டியது. கிளிசரின் போட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்ததே ஒழிய, சிரிப்பு போகவில்லை.

"ஏம்மா, செத்தது உங்கப்பா! ஆடித் தள்ளுபடி இல்ல!" டைரக்டர் இளமாறன் கத்தினார். "இதுதான் கடைசி. இப்பவும் அழுகை வரலன்னா நாளைக்கு வேற பொண்ணு."

சந்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேமரா ஓட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா கண்ணகி சோத்துத் தூக்கோடு வந்து சேர்ந்தாள். மாலை போட்டுக் கிடத்திய ஆள், சுற்றி உட்கார்ந்த ஊர்ப் பெண்கள். நடிப்புதான் என்று அவளுக்கும் தெரியும். அதுக்காக? சாவு வூட்டுக்கு வந்துவிட்டு மரம் மாதிரி நின்று வேடிக்கை பார்ப்பதா? நாலு பேர் என்ன பேசுவார்கள்? தூக்கை ஓரமாக வைத்தாள், கொண்டையை அவிழ்த்தாள், நேரே போய் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். கட் சொல்லப்போன டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நம்ம பக்கத்து ஒப்பாரி செத்தவருக்கு மட்டுமா? அழ வந்தவள் தன் குறையையும் சேர்த்துத்தானே அழுவாள்.

"ஊரு சனம் பாக்கச் சொல்லி ஒசரத்துல சிரிச்ச கண்ணே!
பெத்தவகிட்டப் பேச மட்டும் நேரமில்லாமப் போச்சுதே!
பேனரைப் பாத்துப் பாத்துப் பேசிக்கினு போறேனே!"

சந்தியாவின் சிரிப்பு எங்கே போனதோ! தீபாவளிக்குக்கூடத் தான் வீட்டுக்குப் போகாதது நினைவுக்கு வந்தது. "அம்மா!" என்று வாய் கோண, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

டைரக்டர் துள்ளினார். அப்புறம்தான் கவனித்தார், பிணமும் கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றது பிணம். "எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

இளமாறன் தலையில் அடித்துக்கொண்டார். "சந்தியா, இதே மாதிரி இன்னொரு தடவ வருமா?"

சந்தியா பயத்தோடு அம்மாவைப் பார்த்தாள். கண்ணகி மூக்கைச் சிந்திவிட்டு மகளை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கின்னா தம்பி, தாராளமா எடுங்க. இப்ப இவ கதையத்தான் அழுதேன். இவங்கப்பன் கதைய இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."